ஆன்டிகுவா குவாத்தமாலாவில் டிஜிட்டல் புகைப்படப் பட்டறை: எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்?

சாளரம்:
மார்ச் நடுவில் ஆன்டிகுவா குவாத்தமாலாவில் ஒரு வாரப் புகைப்படப் பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். கரீபியன் தீவான ஆன்டிகுவா அல்ல, குவாத்தமாலா நாட்டின் பழைய ஸ்பானியத் தலைநகரம். விடியலிலும் மாலையிலும் தெருவில் படம் எடுப்பது, முற்பகலில் எடிட்டிங், பிறகு திறனாய்வு என்று அட்டவணை வந்திருக்கிறது. கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, 18-55, 55-210 மி.மீ. ஜூம் லென்ஸ்கள், ஒரு 50 மி.மீ. எஃப்1.8 லென்ஸ். கேமராவை இயக்கத் தெரியும், ஊர்தான் புதிது. வெயில் எந்நேரம் எங்கே விழும், எதைக் கொண்டுபோவது, வகுப்பில் பெரும்பாலானோர் எதில் தடுமாறுகிறார்கள்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கல்தெரு:
லென்ஸை அப்புறம் பார்ப்போம், முதலில் ஊர் வரைபடத்தை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆன்டிகுவாவில் தெருவின் பெயரைக் கேட்டாலே அங்கே வெயில் எப்படி விழும் என்று சொல்லிவிடலாம். 1543-இல் சதுரம் சதுரமாக வகுத்த ஊர். அவெனிதா என்று பெயர் கொண்டவை ஏறக்குறைய வடக்கு-தெற்காக ஓடும். காய்யே என்பவை கிழக்கு-மேற்கு. மத்தியப் பூங்காவை நடுவாக வைத்து நோர்த்தே (வடக்கு), சுர் (தெற்கு), ஒரியென்தே (கிழக்கு), போனியென்தே (மேற்கு) என்று பிரித்து எண் கொடுத்திருப்பார்கள்.

அவெனிதாவில் காலை வெயில் மேற்குப் பக்கத்துச் சுவர்களில் விழும், மாலை வெயில் கிழக்குப் பக்கத்தில். எதிர்ச்சுவர் முழு நிழலில் இருக்கும். அதனால் கதவு, சன்னல் கம்பி, உதிர்ந்த காரை இவற்றையெல்லாம் எடுக்க அவெனிதாதான் வசதி. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நடப்பது என்று மட்டும் முடிவு செய்தால் போதும்.

காய்யேவின் குணம் வேறு, மாதத்துக்கு மாதம் மாறும். டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 52 பாகை உயரத்தில்தான் இருக்கும். அப்போது தெற்கைப் பார்த்த சுவருக்கு நாள் முழுக்க வெயில், வடக்கைப் பார்த்த சுவருக்கு நாள் முழுக்க நிழல். நீங்கள் போகும் மார்ச் நடுவில் சூரியன் கிட்டத்தட்ட நேர் கிழக்கில் எழுகிறது. அதாவது காய்யேவின் ஒரு முனையிலிருந்து வெயில் தெரு நெடுகப் படுத்தபடி வரும். பாவு கற்கள் ஒவ்வொன்றுக்கும் நீண்ட நிழல் விழும், இரண்டு பக்கச் சுவரின் சொரசொரப்பும் எழுந்து நிற்கும். வருடத்தில் சில வாரங்களுக்கே கிடைக்கிற வெளிச்சம் இது, இரண்டு விடியலாவது இதற்காக ஒதுக்குங்கள். கிழக்கே பார்த்து எடுத்தால் ஆட்கள் நிழலுருவாக வருவார்கள். மேற்கே பார்த்து எடுத்தால் வண்ணம் நிறையும், ஆனால் உங்கள் நிழலே ஃபிரேமுக்குள் நீளும். சுவரோரம் ஒதுங்கி, ஏற்கெனவே இருக்கிற நிழலுக்குள் நின்றால் அது மறையும்.

மார்ச்சில் சூரிய உதயமும் மறைவும் ஆறு மணியைச் சற்றுக் கடந்து. ஊர் பள்ளத்தாக்கில் இருப்பதால் வெயில் தெருவுக்கு இறங்க இன்னும் கொஞ்சம் நேரமாகும். நல்ல வெளிச்சம் ஒன்பது மணி வரைக்கும்தான். நண்பகலில் சூரியன் 70 பாகைக்கு மேல் ஏறிவிடும். அந்நேரம் வகுப்பறையில் உட்கார வைக்கிற பட்டறை, யோசித்து அட்டவணை போட்ட பட்டறை.

எஃப்8:
கல்தெரு சொன்னதோடு கட்டடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதீட்ரல் மத்தியப் பூங்காவின் கிழக்கோரம், முகப்பு மேற்கைப் பார்க்கும். அதனால் அதற்கு மாலைதான். தெற்கோரம் தளபதி ஆளுநர்களின் அரண்மனை, இரண்டு அடுக்கு வளைவு வரிசையுடன் வடக்கைப் பார்த்திருக்கும். மார்ச்சில் அதன் முகத்தில் நேர் வெயிலை எதிர்பார்க்காதீர்கள். விளக்கு ஏற்றிய பிறகு, வானம் நீலமாக இருக்கிற இருபது நிமிடம்தான் அதற்குரிய நேரம்.

அடிக்கடி நிலம் அதிரும் ஊர். அதனால் வீடுகள் ஒரே தளம், சுவர் தடிமன், கோபுரங்கள் குட்டை. 1773 பூகம்பத்துக்குப் பிறகு 1776-இல் தலைநகரத்தையே வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இடிந்த தேவாலயங்களும் மடங்களும் அப்படியே நின்றன. படம் எடுப்பவருக்கு இதனால் இரண்டு விளைவு. வீடு குட்டை என்பதால் ஃபிரேமில் வானம் தேவைக்கு மேல் நுழையும். கேமராவைக் கீழே இறக்கிக் கல்தரையைச் சேர்ப்பதோ, வானத்தைக் கூரை ஓட்டோடு வெட்டிவிடுவதோ உங்கள் முடிவு. இடிபாடுகளில் கூரை இல்லாததால் வெளிச்சம் மேலிருந்து கொட்டும், தூணின் அடியில் கும்மிருட்டு. கபுச்சினாஸ் மடத்தில் இது நன்றாகத் தெரியும். அங்கே 2 ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) மூன்று ஃபிரேம் பிராக்கெட் செய்துகொள்ளுங்கள், அதாவது ஒரே காட்சியை மூன்று எக்ஸ்போஷரில்.

எக்ஸ்போஷரில் பொதுவாக நடக்கிற பிழை இந்த ஊரின் மஞ்சளால் வருவது. காவி, ஆழ் மஞ்சள், செங்கல் நிறச் சுவர்களில் சிவப்புச் சேனல் மற்ற இரண்டுக்கும் முன்பே நிரம்பிவிடும். ஒற்றை ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பாதுகாப்பாக இருப்பதுபோல் காட்டும், சுவரோ தட்டையான மஞ்சள் அட்டையாக வரும். மூன்று வண்ண ஹிஸ்டோகிராமை இயக்கி, சிவப்பு வலது ஓரத்தை முட்டாமல் எக்ஸ்போஷரைக் குறையுங்கள். பெரும்பாலும் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தால் போதும். லா மெர்செத் தேவாலய முகப்பு இதற்கு நல்ல பயிற்சிக் களம். மஞ்சள் பின்னணியில் வெள்ளைச் சுண்ணவேலை. மஞ்சளுக்காக ஏற்றினால் வெள்ளை வெந்துபோகும், வெள்ளையை மட்டும் பார்த்தால் மஞ்சள் அழுக்காகும். வெள்ளையைக் காப்பாற்றி, ராவில் (கேமரா பதப்படுத்தாத கோப்பில்) நிழலைத் தூக்குவதே சரி.

ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஆட்டோவில் விடாதீர்கள். ஃபிரேம் முழுக்க மஞ்சள் சுவர் வந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், அடுத்த ஃபிரேமில் வேறொரு நிறம் வரும். 5200-5500 கெல்வினில் நிறுத்திவிட்டால் நாள் முழுக்கப் படங்கள் ஒரே குடும்பமாக இருக்கும்.

சாளரம்:
நன்றி. சாந்தா கத்தலினா வளைவும் பின்னால் எரிமலையும் வருகிற படத்தை எல்லோரும் காட்டுகிறார்கள். 18-55-ஐப் போட்டு எடுத்தால் எரிமலை சின்னதாகத்தானே வரும்?

கல்தெரு:
வரும். வளைவுக்கு அருகில் 18 மி.மீ.-இல் நின்றால் வளைவு மலைபோலவும் மலை மேடுபோலவும் இருக்கும். அந்த எரிமலை அகுவா, 3,760 மீட்டர், ஊருக்குத் தெற்கே ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டரில். நீங்கள் நூறு மீட்டர் பின்னால் போனாலும் அதன் அளவு மாறாது, வளைவு மட்டும் சிறுக்கும். ஆகவே ஐந்தாம் அவெனிதாவில் வடக்கே, லா மெர்செத் பக்கமாகப் பின்வாங்கி, 55-210-ஐ 70 மி.மீ. அளவில் வைத்தால் எரிமலை வளைவுக்குள் நிறைந்து உட்காரும். ஏபிஎஸ்-சி, 70 மி.மீ., எஃப்8 என்றால், வளைவு முப்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும்போது அதிலேயே ஃபோகஸ் வைக்கலாம், எரிமலையும் தெளிவாக வரும்.

காலையில் எடுங்கள். முற்பகல் கடந்தால் உச்சியை மேகம் மூடுவது வழக்கம். நண்பகலை ஒட்டி சூரியன் தெற்கே வந்து புகைமூட்டத்தையும் கூட்டிவிடும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கிழக்கிலிருந்து பக்கவாட்டில் ஒளி விழும்போது மலையின் மடிப்புகள் தெரியும்.

இன்னொன்று. அந்தப் படத்தை முதல் நாளே எடுத்து முடித்துவிடுங்கள். பயிற்சியாளர் அதை ஆயிரம் முறை பார்த்திருப்பார், திறனாய்வில் பேச அதில் ஒன்றுமிருக்காது.

நிழல்கோடு:
முக்காலி பற்றி யாரும் சொல்லவில்லையே. என் கருத்து: கட்டாயம். நீலநேரம் அங்கே குறுகியது. சூரியன் மறைந்து 22 நிமிடம் சுமாரில் அந்திவெளிச்சம் அடங்கிவிடும். தெருவிளக்கும் வானமும் சமமாக இருப்பது அதிலும் கடைசிச் சில நிமிடங்கள். அப்போது ஐஎஸ்ஓ 100, எஃப்8 என்றால் 2 முதல் 4 நொடி. கையில் பிடித்து முடியாது.

கல் பாவிய தெருவில் முக்காலி வைப்பதற்கு முறை இருக்கிறது. ஒவ்வொரு காலும் கல்லின் நடுமேட்டில் நிற்க வேண்டும், இடுக்கில் வைத்தால் எடை ஏறியதும் நழுவி ஃபிரேம் மெல்லச் சாயும். நடுத்தண்டைத் தூக்காதீர்கள். வண்டி போனால் கல்வழியாக அதிர்வு வரும், அது கடந்த பிறகு ஷட்டரை விடுங்கள். 2 நொடி டைமர், லென்ஸ் ஸ்டெபிலைசேஷன் அணைப்பு. இடிபாட்டு வளாகங்களுக்குள் முக்காலிக்கு அனுமதி வேண்டியிருக்கலாம், பட்டறை நடத்துபவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

எஃப்8:
கட்டாயம் என்பதை ஏற்க மாட்டேன், நிழல்கோடு. கட்டடத்துக்குச் சரி. ஆள் நடமாடும் தெருவில் 4 நொடி கொடுத்தால் மனிதர்கள் கரைந்துபோவார்கள், நடைபாதையும் குறுகல். ஐஎஸ்ஓ 3200, எஃப்1.8 வைத்தால் அதே நேரத்தில் 1/125 கிடைக்கும். 24 மெகாபிக்சலில் அந்த நாய்ஸ் (பொரிப்பொரியான புள்ளிகள்) அச்சிலேயே கண்ணை உறுத்தாது. ஒன்றரைக் கிலோவுக்குள் மடங்குகிற ஒரு முக்காலியை அறையில் வைத்திருந்து, கட்டடத்துக்கு ஒதுக்கிய மாலையில் மட்டும் எடுத்துப் போகச் சொல்வேன்.

விளக்கு வெளிச்சத்தில் எடுப்பவர்கள் கவனிக்க: அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 120 முறை துடிக்கும். 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் பழகியவர்கள் வழக்கம்போல் 1/100 வைத்தால் ஒரு ஃபிரேம் பிரகாசம், அடுத்தது மங்கல் என்று வரும், சில நேரம் குறுக்கே பட்டையும் விழும். 1/60 அல்லது 1/125 வையுங்கள், எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். வீடியோ எடுத்தால் கேமராவின் வீடியோ முறையை PAL-இலிருந்து (50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது) NTSC-க்கு (60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது) மாற்ற வேண்டும். சார்ஜருக்கு: 120 வோல்ட், தட்டையான இரட்டைக் கால் பிளக். கேமரா சார்ஜரும் லேப்டாப் அடாப்டரும் பெரும்பாலும் 100-240 வோல்ட் தாங்கும், மேலே அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வெறும் பிளக் மாற்றி வாங்கினால் போதும்.

நிழல்கோடு:
சரி, மாலைக்கு மாலை முடிவு செய்வதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் முக்காலியை வீட்டிலேயே விட்டுவர வேண்டாம் என்பதில் நிற்கிறேன்.

இருட்டறை:
வகுப்பில் எதில் தடுமாறுவார்கள் என்ற கேள்விக்கு என் பதில்: படம் எடுப்பதில் அல்ல, தெரிந்தெடுப்பதில். காலையில் 300 ஃபிரேம் எடுத்துவிட்டு வந்து, திறனாய்வுக்கு முன் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் முதல் படத்தையே அரை மணி நேரம் மெருகேற்றிக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு பட்டறையிலும் உண்டு. கடைசியில் பதற்றத்தில் முப்பது படங்களைக் கொடுப்பார்கள், பயிற்சியாளரால் எதையும் ஆழமாகப் பேச முடியாது.

வேலை ஒழுங்கை வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள். கார்டிலிருந்து லேப்டாப்புக்கு நகல், கூடவே வெளி எஸ்எஸ்டிக்கு இன்னொரு நகல். இரண்டும் முடியும்வரை கார்டை ஃபார்மட் செய்யக் கூடாது. முதல் சுற்றில் ஒரு படத்துக்கு இரண்டு நொடி, வேண்டும் அல்லது வேண்டாம், நட்சத்திரமெல்லாம் வேண்டாம். இதில் நாற்பது மிஞ்சும். இரண்டாம் சுற்றில் ஒரே காட்சியின் ஃபிரேம்களை அருகருகே வைத்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நிற்கும். எடிட்டிங் அந்தப் பன்னிரண்டுக்கு மட்டும்: எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், சாய்வு திருத்தம், கிராப். படத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். திறனாய்வுக்கு எட்டு முதல் பத்துப் படம் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் நேரம் கிடைக்கும். அதில் குறைந்தது இரண்டு உங்களுக்கே ஐயம் உள்ள படங்களாக இருக்கட்டும். நன்றாக வந்தது என்று தெரிந்ததை மட்டும் காட்டினால் பாராட்டு வரும், பாடம் வராது.

24 மெகாபிக்சல் சுருக்கிய ரா 25 முதல் 30 எம்பி. நாளுக்கு 300 என்றால் 9 ஜிபிக்குள். 64 ஜிபி கார்டு இரண்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று தாராளம். 256 ஜிபி ஒற்றைக் கார்டை நம்ப வேண்டாம், அது தொலைந்தால் வாரமே போயிற்று. எஸ்எஸ்டியும் லேப்டாப்பும் ஒரே பையில் இருக்கக் கூடாது.

லேப்டாப் திரையைப் பாதி வெளிச்சத்துக்கு இறக்குங்கள். முழு வெளிச்சத்தில் எடிட் செய்தால் புரொஜெக்டரிலும் அச்சிலும் படம் இருண்டு வரும். புரொஜெக்டர் அடர்ந்த நிழலை விழுங்கிவிடும் என்பதால், காட்டுவதற்கான ஜேபெக்கில் நிழலைச் சற்றுத் தூக்கி எஸ்ஆர்ஜிபி வண்ண அமைப்பில், நீளப்பக்கம் 2000 பிக்சலில் ஏற்றுமதி செய்யுங்கள். கேமரா கடிகாரத்தை குவாத்தமாலா நேரத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். எந்த நேரத்தில் எந்தத் தெருவில் எந்த வெளிச்சம் இருந்தது என்று மறுநாள் பார்க்க அந்த நேரப்பதிவுதான் உதவும்.

அகல்:
பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவற்றையும் சேர்த்து எழுதுகிறேன், இனி தேடுகிறவர்களுக்கு உதவும். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? எட்டைத் தாண்டினால் தெருவில் அவர் உங்கள் பக்கம் வர நேரம் இருக்காது. திறனாய்வு தினமும் உண்டா, கடைசி நாள் மட்டுமா? ஸ்பானிஷ் பேசும் உள்ளூர்த் துணை கூட வருவாரா? மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆள் படம் நன்றாக வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது.

நெய்த ஊய்பில் (மரபுவழி மேல்சட்டை) அணிந்த மாயா பெண்களை நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து டெலிலென்ஸில் எடுப்பது வேண்டாம். அது மரியாதைக் குறைவு, படமும் தட்டையாக வரும். அருகில் போய், கேமராவை இறக்கி வைத்துக்கொண்டு, "புவேதோ தோமார்லே உனா ஃபோத்தோ?" (உங்களை ஒரு படம் எடுக்கலாமா?) என்று கேளுங்கள். தலையசைத்து மறுத்தால் புன்னகைத்து நகர்ந்துவிட வேண்டும். விற்பனை செய்பவரிடம் முதலில் ஏதாவது வாங்கிவிட்டுக் கேட்பது முறையானது. குழந்தைகளைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எடுக்கவே கூடாது. குழந்தை கடத்தல் பற்றிய அச்சம் அந்நாட்டில் ஆழமாக உண்டு, வெளியூர்க்காரர் கேமராவைக் குழந்தைமேல் திருப்பினால் நிலைமை நொடியில் மோசமாகலாம்.

சம்மதித்தவரை உடனே மஞ்சள் சுவரில் சாய்த்து நிறுத்தாதீர்கள். சுவரில் பட்ட வெயில் முகத்தின் ஒரு பக்கத்துக்கு மஞ்சள் பூசும், மறுபக்கத்தில் வானத்தின் நீலம் விழும். ஒயிட் பேலன்ஸ் ஸ்லைடரால் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. இரண்டு மீட்டர் தள்ளி வரச் சொல்லுங்கள், அல்லது கதவு நிலைக்குள், வெயில் படாத விளிம்பில் நிற்கட்டும். 50 மி.மீ., எஃப்2.8, அருகில் உள்ள கண்ணில் ஃபோகஸ்.

சாளரம்:
மார்ச் என்றால் தவக்காலம் ஆயிற்றே. ஊர்வலங்கள் இருக்கும் என்று அட்டவணையிலும் போட்டிருக்கிறது. அதற்குத் தனியாக ஏதாவது?

அகல்:
தவக்கால ஞாயிறுகளில் ஊர்வலம் உண்டு, புனித வாரத்தில் உச்சம். ஊதா அங்கி அணிந்தவர்கள் பெரிய மரத்தேரைத் தோளில் சுமந்து அசைந்து அசைந்து வருவார்கள். புனித வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு அங்கி கறுப்பாகும். வழியில் சாயமேற்றிய மரத்தூள், பூ, பைன் ஊசியிலை கொண்டு அல்ஃபோம்ப்ரா என்கிற தரைவிரிப்புகள் இடுவார்கள். மணிக்கணக்கில் உழைத்து இட்டதை ஊர்வலம் மிதித்துக் கடக்கும். ஊர்வலத்துக்கு முன் உங்கள் கால் அதில் படக் கூடாது, முக்காலிக் காலும்தான்.

முடிந்த விரிப்பை மட்டும் எடுக்காமல், சல்லடையில் தூளைச் சலித்து அச்சுத்தகட்டின் மேல் தூவும் கைகளை எடுங்கள். பலகைமேல் மண்டியிட்டு வேலை செய்வார்கள், நீங்களும் அந்த உயரத்துக்கு இறங்கினால் கை, தூள், முகம் மூன்றும் ஒரே ஃபிரேமில் வரும்.

எஃப்8:
ஊர்வலத்தில் சாம்பிராணிப் புகை ஆட்டோஃபோகஸைக் குழப்பும், லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். பெரிய பரப்பு ஃபோகஸை விட்டு ஒற்றைப் புள்ளிக்கு மாறி, முகத்துக்கும் அங்கிக்கும் இடையிலுள்ள விளிம்பைப் பிடியுங்கள். சூரியனோ விளக்கோ புகைக்குப் பின்னால் வரும்படி நின்றால் புகை ஒளிரும், முன்னால் இருந்தால் வெறும் மங்கலாகத்தான் வரும். எடிட்டிங்கில் டிஹேஸை (மூட்டம் நீக்கும் கருவியை) இழுத்துப் புகையைத் துடைக்காதீர்கள், அங்கியில் திட்டுத்திட்டாக நிறம் கிளம்பும்.

ஊதா பல கேமராக்களில் நீலத்துக்குச் சரியும். வண்ண ஸ்லைடர்களில் நீலத்தின் சாயலை மட்டும் ஊதாப் பக்கம் நகர்த்துங்கள். ஒயிட் பேலன்ஸைத் தொட்டால் தோல் நிறம் கெடும். பகலில் 1/250, இரவில் ஐஎஸ்ஓ 3200 முதல் 6400, எஃப்1.8, 1/125. கூட்டத்தில் லென்ஸ் மாற்ற இடம் கிடைக்காது, 50-ஐயோ 18-55-ஐயோ ஒன்றைப் பூட்டிக்கொண்டு இறங்குங்கள். 18 மி.மீ., எஃப்8-இல் ஃபோகஸை 2 மீட்டரில் நிறுத்தினால் 1 மீட்டரிலிருந்து தூரம் வரை எல்லாம் தெளிவு. பகல் ஊர்வலத்துக்கு ஆட்டோஃபோகஸே தேவைப்படாது.

சாளரம்:
கடைசியாக ஒன்று. ஃபுவேகோ எரிமலை சாம்பல் கக்கினால் கேமராவுக்கு என்ன ஆகும்?

கல்தெரு:
ஃபுவேகோ அடிக்கடி வெடிக்கிற எரிமலை, காற்றின் திசையைப் பொறுத்துச் சாம்பல் ஊருக்கும் வரலாம். ஓய்ந்திருக்கும் காலங்களும் உண்டு என்பதால் இரவில் தீப்பிழம்பு எடுக்கலாம் என்று மட்டும் நம்பி நாளை ஒதுக்காதீர்கள். எரிமலைச் சாம்பல் விறகுச் சாம்பல்போல் மென்மையானது அல்ல, கண்ணாடியும் கனிமத்துகளும் கலந்த பொடி. துணியால் துடைத்தால் லென்ஸ் பூச்சில் கீறல் விழும், ஜூம் வளையத்துக்குள் புகுந்தால் கரகரக்கும். சாம்பல் விழும் நாளில் லென்ஸ் மாற்ற வேண்டாம், முன்னால் ஒரு யூவி ஃபில்டர் போட்டுவிடுங்கள். அறைக்கு வந்ததும் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதுங்கள், அடுத்து மென்தூரிகை, அதற்கும் பிறகே துணி. வாயால் ஊதினால் ஈரம் பட்டுப் பொடி ஒட்டிக்கொள்ளும். சென்சாரில் புள்ளி தெரிகிறதா என்று பார்க்க எஃப்16-இல் வானத்தை ஒரு ஃபிரேம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தெரிந்தால் புளோயரோடு நிறுத்திக்கொண்டு, மிஞ்சிய புள்ளிகளை எடிட்டிங்கில் அழியுங்கள். ஈர ஸ்வாப் கொண்டு சென்சாரைத் தேய்ப்பதை ஊர் திரும்பி, சாம்பல் முழுக்க நீங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.